கி.ரா. எழுதியது யாருடைய கரிசல்?

கருங்கண்ணி:
கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் என்ற கருமண் பூமியின் எழுத்தாளர் இடைசெவல் கி.ராஜநாராயணன் (கி.ரா.) 2021 மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்தபோது அரசு மரியாதையோடு வழியனுப்பினார்கள். கோவில்பட்டியில் நினைவரங்கமும் எழுந்துவிட்டது. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிற எவரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. 'கோபல்ல கிராமம்' (1976) யாருடைய நினைவு? சென்னாதேவி என்ற பெண்ணைக் காப்பாற்ற ஆந்திரத்திலிருந்து ஓடிவந்த கம்மவார் சாதிக் குடும்பங்களின் நினைவு. அதைச் சொல்கிறவள் 137 வயதுப் பூட்டி மங்கத்தாயார் அம்மாள். காட்டுக்குத் தீ வைத்து நிலம் திருத்தியது வீரமாகச் சொல்லப்படுகிறது. நியாயம் சொல்வது ஊரின் பெரிய வீடான கோட்டையார் வீடு. அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளியவனின் நினைவு எங்கே போயிற்று? அதற்கு நாம் எழுத்தாளர் பூமணியின் 'பிறகு' நாவல் (1979) வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி வந்த பிறகுதான் கரிசலின் மறுபாதி நாவலுக்குள் வந்தது.

சோளத்தட்டை:
நண்பரே, ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டு ஓர் ஆளுக்கே தீர்ப்பு எழுதுகிறீர்கள். அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் பெயரே 'கதவு'. அந்தக் கதையை மறுபடி எடுத்துப் பாருங்கள். சீனிவாசனும் லட்சுமியும் வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாட்டு ஆடுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டிக்கெட் வாங்குகிறார்கள். லட்சுமி கொண்டுவந்த தீப்பெட்டிப் படம் கதவில் ஒட்டப்படுகிறது. பிறகு ஒருநாள் தீர்வை பாக்கி என்று தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறான். வாடைக்காற்று தடையில்லாமல் வீட்டுக்குள் வருகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. இதில் கோட்டையார் எங்கே? கூலிக்குப் போகிற தாயும் பசித்த பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள். சர்க்கார் தீர்வை ஒரு ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஒரு கதவைக் கொண்டே காட்டியவர், விவசாயிகள் போராட்டங்களில் கம்யூனிஸ்டுகளோடு நின்று சிறைக்கும் போனவர். அவரைப் பண்ணையார் பக்கத்தில் நிறுத்துவது அநியாயம்.

காவிரிக்கரை:
எனக்கு வேறு குறை. சாதிக் கணக்கு இருக்கட்டும். 'கோபல்ல கிராமம்' நாவல்தானா? வெட்டுக்கிளி வருகிறது, ஒரு கதை. தீவட்டிக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், இன்னொரு கதை. தெருத் திண்ணைப் பேச்சை அப்படியே தாளில் இறக்கினால் அது நாவல் ஆகிவிடுமா? உரையாடலில் வட்டார வழக்கு வரட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆசிரியர் கூற்றையும் அதே பேச்சுமொழியில் எழுதினால் தஞ்சாவூர் வாசகன் அகராதியோடுதான் உட்கார வேண்டும்.

நூலகத்துத் திண்ணை:
அகராதியையும் அவரே தந்துவிட்டாரே, ஐயா! 1982-இல் கரிசல் வட்டாரச் சொல்லகராதி வந்தது. ஏழாம் வகுப்பைத் தாண்டாத ஒரு சம்சாரி (விவசாயி), பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தன் ஊரில் இருந்துகொண்டு, நண்பர்களின் துணையோடு தொடங்கிவைத்தார். பிறகு பெருமாள்முருகன் கொங்குச் சொற்களையும் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களையும் தொகுத்தார்கள். பருத்தி, கம்பு, உழவு மாடு, மழைக்குறி என்று ஒவ்வொன்றுக்கும் அந்த மண்ணில் தனித்தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களை விட்டுவிட்டு வானம் பார்த்த பூமியின் வாழ்க்கையை எதைக் கொண்டு எழுதுவது?

இனி, நாவலா இல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் கண்மாயில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியை அவள் காதில் கிடந்த பாம்படத்துக்காக ஒருவன் நீரில் அமுக்கிக் கொல்கிறான். சாகும்போதும் அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்த பிடியை விடவில்லை. அதனால் பிடிபடுகிறான். ஊரே கூடி விசாரிக்கிறது, ஊரே கழுவேற்றுகிறது. நாவல் முடியும் இடத்தில் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) போய் விக்டோரியா ராணியின் ஆட்சி வருகிறது. தன் நியாயத்தைத் தானே தீர்த்துக்கொண்ட ஊர், எங்கோ இருக்கும் ஒரு ராணியின் சட்டத்துக்குள் போய்ச் சேர்கிறது. நடுவில் வருகிற வெட்டுக்கிளியும் தீவட்டிக் கொள்ளையும் அந்த ஊர் தனக்குத்தானே காவலாக இருந்த காலத்தைக் காட்டுகின்றன. இதைவிடக் கச்சிதமான கட்டுமானம் எதற்கு?

காவிரிக்கரை:
கண்மாய்க் கொலையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். தமிழில் அப்படி ஒரு தொடக்கம் அபூர்வம். ஆனால் அந்த இறுக்கம் நடுவில் இல்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இடைசெவலில் இவரோடு கூடவே வளர்ந்த கு.அழகிரிசாமியின் கதையில் ஒரு வரியை உருவ முடியாது. கி.ரா.விடம் பல பக்கங்களை உருவலாம்.

கருங்கண்ணி:
'கதவு' பற்றிச் சோளத்தட்டை சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அது பெரிய கதை. நான் கேட்பது நாவலைப் பற்றி. சாகித்ய அகாதெமி 1991-இல் பரிசளித்தது 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழில் பாடமாக இருப்பதும் அதன் ஒரு பகுதிதான். பசியால் சோர்ந்து வந்த இளைஞனை அன்னமய்யா கூட்டிக்கொண்டு போகிறான். அவனுக்குச் சிரட்டையில் கஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறார்கள், காட்டில் வேலை செய்கிறவர்கள் கம்மஞ்சோறும் துவையலும் கொடுக்கிறார்கள். படிக்கும்போது நமக்கே வயிறு குளிர்கிறது. ஆனால் அதே காலத்துக் கிராமத்தில் ஒரு சக்கிலியர் வீட்டுப் பிள்ளை பசியோடு வந்திருந்தால் யார் சிரட்டையில் யார் ஊற்றியிருப்பார்கள்? பள்ளிப் பிள்ளைகள் கரிசல் கிராமம் என்றால் விருந்தோம்பல் என்று மட்டும் எண்ணிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

சோளத்தட்டை:
அந்தக் கேள்விக்குக் கி.ரா.வே எழுதிய பதில் 'கிடை' குறுநாவல். ஆடுகள் பருத்திக் காட்டை அழித்துவிட்டன, யார் பொறுப்பு என்று பெரியவர்கள் துப்புத் துலக்குகிறார்கள். ஆடு மேய்த்த எல்லப்பனும் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பெண் செவனியும் கூடியிருந்த நேரத்தில் நடந்த அழிவு அது. கடைசியில் என்ன ஆகிறது? அவனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். இவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேயோட்டக் கோடாங்கியடிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் வாயைத் திறப்பதில்லை. பருத்திச் சேதத்துக்கு விசாரணை உண்டு, செவனிக்கு விசாரணையே கிடையாது. இயக்குநர் அம்ஷன்குமார் இதைத்தான் 'ஒருத்தி' என்று படமாக எடுத்தார். பூமணியும் தமக்கு வழிகாட்டியாகக் கி.ரா.வைத்தானே சொன்னார்?

கருங்கண்ணி:
வழி காட்டினார் என்பதால்தான் கேட்கிறேன், தோழர். செவனியைக் குறுநாவலில் பார்க்கத் தெரிந்த கண், கோட்டையார் வீட்டுக்குள் போகும்போது ஏன் அவளைத் தேடவில்லை? பூமணி 'பிறகு' நாவலில் அந்தக் கண்ணைக் கடைசிவரை மூடவில்லை. சொந்த வீட்டுப் பூட்டியின் கதையைச் சொல்லும்போது யாருக்கும் பாசம் கண்ணை மறைக்கும். கி.ரா.வுக்கும் மறைத்தது என்கிறேன். இதனால் அவர் சிறியவர் ஆகிவிட மாட்டார்.

நூலகத்துத் திண்ணை:
பாசம் மறைத்தது என்பதை நான் ஏற்கவில்லை. பூட்டி சொல்கிற கதையில் பூட்டிக்குத் தெரிந்ததுதான் வரும். அவள் வாயில் 1976-இன் அரசியலைத் திணித்திருந்தால் மங்கத்தாயார் அம்மாள் செத்துப்போயிருப்பாள். ஆனால் பாடநூல் பற்றிச் சொன்னீர்களே, அதில் உங்களோடு நிற்கிறேன். கஞ்சி ஊற்றுகிற பகுதிக்குப் பக்கத்திலேயே 'கதவு' இருக்க வேண்டும்.

கருங்கண்ணி:
'பிறகு' நாவலின் முதல் அத்தியாயமும் இருக்க வேண்டும். பூட்டி விஷயத்தில் நான் விடப்போவதில்லை. நாவல் முழுக்கப் பூட்டி மட்டுமா பேசுகிறாள்? ஆசிரியர் கூற்றாக வரும் அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்து வைத்து நாளை எழுதுகிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.