ஒரே கடாயில சிக்கன் ரைஸ்: கீழ அடிபிடிக்குது, மேல அரிசி வேகல, அவசரம்

வண்ணை_கிச்சன்:
சிக்கனையும் அரிசியையும் ஒண்ணா போட்டு செஞ்சிட்டிருக்கேன், கீழ தீய்ஞ்ச வாசனை வருது மேல அரிசி நறுக்கு நறுக்குன்னு இருக்கு, சிக்கன் வெந்துடுச்சு, இன்னும் தண்ணி ஊத்தலாமா வேணாமா? வீட்ல எல்லாரும் பசியோட இருக்காங்க

கொடுங்கையூர்_அக்கா:
முதல்ல தீயை அணைம்மா. என்ன அரிசி? ஊற வெச்சியா? எவ்ளோ தண்ணி?

பெரம்பூர்99:
மூடி டைட்டா இருக்கா? கடாய் அகலமா?

தம்_மாஸ்டர்:
இதை இங்க எத்தனையோ தடவ எழுதியாச்சு, தேடிப் படிச்சிட்டு வந்து கேக்கணும். அளவே சொல்லாம கேட்டா நாங்க என்ன ஜோசியமா பாக்கறது?

வண்ணை_கிச்சன்:
பாஸ்மதி 2 டம்ளர், தண்ணி 3, ஊற வெக்கல. அகல கடாய், மேல தட்டு போட்டு மூடிருக்கேன். தயிர் 1 கப், தக்காளி 4

காசிமேடு_காரம்:
தயிர் தான் காரணம், எழுதி வெச்சிக்கோங்க. புளிப்பு ஜாஸ்தியானா அரிசி சீக்கிரம் வேகாது.

கொடுங்கையூர்_அக்கா:
புளிப்பும் இருக்கும், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணரை தண்ணிங்கறது அரை மணி நேரம் ஊறின பாஸ்மதிக்கு. ஊறாததுக்கு பத்தாது, அகல கடாய்ல தட்டு சந்துல ஆவியும் போயிடும். கிண்டாத, கிண்டினா அடியில இருக்கற தீய்ஞ்ச வாசனை மொத்தத்துலயும் ஏறிடும். மேல இருக்கறத வேற பாத்திரத்துக்கு மாத்து, கொதிக்கிற தண்ணி அரை டம்ளர் தெளி, பச்சைத் தண்ணி வேணாம். பழைய தோசைக்கல்ல சூடு பண்ணி அது மேல பாத்திரத்த வெய்யி, ஈரத்துணி சுத்தின மூடி போட்டு சிம்ல 10 நிமிஷம், துணி நுனி தீ பக்கம் தொங்கக் கூடாது. அணைச்சிட்டு இன்னும் 10 நிமிஷம் திறக்காத.

தம்_மாஸ்டர்:
சீரக சம்பா வாங்கிருந்தா இந்த பிரச்சனையே வந்திருக்காது. சிக்கனோட சாறு அதுல தான் இறங்கும்.

காசிமேடு_காரம்:
அது ஆம்பூர் பக்கம். எங்க ஏரியா பாய் வீட்டு கல்யாணத்துல பாஸ்மதி தான், ஒரு பருக்கை கூட ஒட்டாது.

தம்_மாஸ்டர்:
ஒட்டாம இருந்தா போதுமா, மணம் வேணாமா? சின்ன அரிசி சீக்கிரம் குழையும்னு பயந்து தான் எல்லாரும் பாஸ்மதிக்கு ஓடறாங்க.

பெரம்பூர்99:
பழைய அரிசியா புது அரிசியான்னு யாருமே கேக்கலியே, பழசு தண்ணி நிறைய இழுக்கும்ல

காசிமேடு_காரம்:
மாஸ்டர், ராயபுரம் பக்கம் வந்து ஒரு தடவ சாப்ட்டு பாத்துட்டு பேசுங்க

வண்ணை_கிச்சன்:
வெந்துடுச்சுக்கா, தோசைக்கல்லு தான் காப்பாத்துச்சு. சாப்பிட உக்காந்துட்டோம் தேங்க்ஸ்

பெரம்பூர்99:
அரிசி பழசா புதுசா?

தம்_மாஸ்டர்:
சம்பாவுக்கு தண்ணி அளவு தனி இழையில போடறேன், அங்க வாங்க.