புதுப்பிப்பு: மூக்கில் நீலச் சாயம், அதன்மேல் சிவப்பு ஒளி

கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன் அறுவைப் புண்ணுக்குப் பரவக்கூடிய மூக்குக் கிருமிகளைக் கொல்ல, மூக்கினுள் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவிச் சிவப்பு ஒளி பாய்ச்சுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு பிழை: சாயமே கிருமியைக் கொல்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் ஒளியை உறிஞ்சிய சாயம் அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. அப்படிக் கிளர்ந்த ஆக்சிஜன்தான் கிருமியின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று எட்டியதையெல்லாம் சிதைக்கிறது. தாக்குதல் ஒரே இடத்தில் இல்லாததால் கிருமி எதிர்ப்புத்திறன் பெறுவது கடினம். மூக்கில் தடவும் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்புக்கே மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள் பரவும் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம், பலன் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். 2014இல் வெளியான அந்த மருத்துவமனையின் ஆய்வில் 3,068 பேருக்கு இதைச் செய்தார்கள். அறுவைப் புண்ணில் தொற்று 1.6 சதவீதம், முந்தைய ஆண்டுகளின் நோயாளிகளிடம் அது 2.7. ஆனால் உடம்பைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் நனைத்த துணியாலும் துடைத்தார்கள். அதனால் முழுப் பெருமையையும் ஒளிக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: ஒளி எட்டாத ஆழத்தில் இருக்கும் தொற்றுக்கு இது உதவாது. மூக்கு, ஈறு, தோல்புண் போன்ற இடங்கள்தான் இதற்குச் சரி. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை இதை நம்பி யாரும் நிறுத்திவிடாதீர்கள்.