போட்டோவை காப்பி பண்ணா எடுத்த தேதி போயிடுமா?

கேள்வி:
பழைய போன், கேமரா ரெண்டுல இருந்த படம் எல்லாத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்க்ல போட்டேன், இப்ப ஃபோல்டரை திறந்தா முக்கால்வாசி படத்துக்கு காப்பி பண்ண அன்னைக்கு தேதிதான் காட்டுது. எடுத்த தேதி நிஜமாவே போயிடுச்சா, இல்ல ஃபைலுக்குள்ள எங்கயாவது இருக்குமா? பாப்பா பொறந்ததுல இருந்து எடுத்த படங்க, வரிசை கலைஞ்சிட்டா மனசு கேக்காது.

பதில் 1:
எங்கயும் போகல, பயப்படாதீங்க. நீங்க பாக்குறது ஃபைலோட தேதி, அது காப்பி பண்ணா மாறும். படம் எடுத்த நேரத்தை கேமராவே ஜேபெக் ஃபைலுக்குள்ள எக்ஸிஃப்ங்கிற பகுதியில எழுதிடும், கூடவே ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ, கேமரா மாடல் எல்லாம் இருக்கும். விண்டோஸ்னா ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல டீடெயில்ஸ் போங்க, 'டேட் டேக்கன்'னு இருக்கும், அதை வச்சே ஃபோல்டரையும் சார்ட் பண்ணலாம்.

கேள்வி கேட்டவர்:
இருக்குங்க, ரொம்ப நன்றி! ஆனா வாட்ஸ்அப்ல வந்த படத்துல மட்டும் அந்த இடம் காலியா இருக்கே?

பதில் 2:
வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்புனா படத்தை சுருக்கும்போதே எக்ஸிஃபும் போயிடும். அனுப்புனவங்ககிட்ட ஒரிஜினல் இருந்தா டாகுமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க, அப்படியே வரும். ஒண்ணு கவனம், லொகேஷன் ஆன்ல வச்சு எடுத்த படம்னா எடுத்த இடமும் அதுலயே வரும், அதனால குழந்தை படத்தை தெரியாதவங்களுக்கு டாகுமெண்ட்டா அனுப்பாதீங்க.

பதில் 3:
டேட் டேக்கனையும் அப்படியே நம்பிடாதீங்க, அது கேமரா கடிகாரம் என்ன காட்டுச்சோ அதுதான். போன் நெட்வொர்க்ல இருந்து நேரத்தை தானா சரி பண்ணிக்கும், பழைய கேமராவுல நாமதான் வைக்கணும், பேட்டரி சுத்தமா தீந்து கடிகாரம் ரீசெட் ஆகியிருந்தா வருஷமே தப்பா இருக்கும். இன்னொன்னு, எக்ஸிஃப்ல டைம் ஸோன் எழுத இடமே 2016ல வந்த 2.31 வெர்ஷன்லதான் குடுத்தாங்க, அதனால வெளிநாடு போய் எடுத்த படங்க போன்ல ஒரு நேரம், கேமராவுல ஒரு நேரம்னு மணிக்கணக்குல தள்ளி நிக்கலாம்.

ஒரே நிகழ்ச்சிய போன்லயும் கேமராவுலயும் எடுத்த படம் ஒரு ஜோடி தேடுங்க, கேக் வெட்டுற படம் மாதிரி. போன்ல 6:10, கேமராவுல 4:55னு இருந்தா கேமரா ஒண்ணேகால் மணி நேரம் பின்தங்கியிருக்கு. எக்ஸிஃப்டூல்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கேமரா படங்களுக்கு மட்டும் மொத்தமா அவ்வளவு நேரத்தை கூட்டிடலாம். மாத்தும்போது பழைய ஃபைலையும் தனியா வச்சிருக்கும், சரியா வந்திருக்கான்னு பாத்துட்டு அப்புறம் அழிச்சுக்கங்க.