அர்செனல் ஸ்ட்ரைக்கர் கியோகெரெஸ்: கண்ணுக்குள்ள இன்னும் நிக்கிற அந்த ஒரு காட்சி எது?

காலாங் அலை
ஓல்ட் டிராஃபர்ட், மான்செஸ்டர் யுனைட்டட் ஆட்டம், 2025 ஆகஸ்ட் 17, நம்ம சிங்கப்பூர் நேரம் ராத்திரி 11:30. கார்னர்ல நம்ம லெஃப்ட் பேக் கலாஃபியோரி தலையால போட்டார், அர்செனல் 1-0 ஜெயிச்சாச்சு. அதை விடுங்க. 60வது நிமிஷம் பலகை மேல போச்சு: 14, அதாவது கியோகெரெஸ், வெளியே, ஹாவர்ட்ஸ் உள்ளே. அவரை வாங்கின விலை 63.5 மில்லியன் யூரோ, போனஸ் தனி. அந்தப் பலகைதான் இன்னும் உறுத்துது.

அவர் தடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நடுவுல நிக்க மாட்டார். இடப்பக்கமா சாய்ஞ்சு, எதிரணித் தடுப்புல நடுவுல நிக்கிற வலது சென்டர் பேக்குக்கும் ஓரத்துல நிக்கிற வலது பேக்குக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஓடுவார். முன்னாடி ஆடின லிஸ்பன் கிளப் ஸ்போர்ட்டிங்ல பந்தை வாங்கினவன் ரெண்டாவது டச்சுலயே அந்தச் சந்துக்குள்ள விட்டுடுவான். நம்ம ஆளுங்க வாங்கி, திரும்பி, ஒரு தடவை பின்னாடி குடுத்து, அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பாக்குறாங்க. அதுக்குள்ள அவர் தடுப்பு வரிசையைத் தாண்டி ஆஃப்சைடுல நிக்கிறார், இல்லன்னா திரும்பி நடந்து வர்றார். வாங்கின ஆளு தப்பா, வாங்கிட்டு வந்து வெச்ச இடம் தப்பா?

தெம்பனிஸ் தம்பி
அடுத்த வாரமே பதில் வந்துச்சேண்ணே. லீட்ஸ், 5-0, இங்க நள்ளிரவு 12:30 ஆட்டம். ரெண்டாவது பாதி தொடங்கி மூணே நிமிஷம். கலாஃபியோரி பின்னாடியிருந்து இடப்பக்கம் நீளமா விட்டார், நீங்க சொன்ன அதே சந்து. பந்தை ஓட்டத்தோட எடுத்து, உள்ள வெட்டி, வலது கால்ல கிட்டக் கோல் கம்பத்துப் பக்கம் தரையோட அடிச்சார்.

இடப்பக்கத்துலருந்து உள்ள வெட்டுறவன் தூரக் கம்பத்துக்கு வளைச்சு விடுவான்னு கீப்பர் ஒரு அடி அந்தப் பக்கம் சாய்வார். பின்வாங்கி ஓடுற டிஃபெண்டரும் அந்தக் கோட்டைத்தான் மறைப்பார். அந்த நேரம் கால் பின்னால போகாம, ஓடுற அடியிலேயே உதைச்சா கீப்பருக்குத் திரும்ப நேரம் இருக்காது. முதல் டச் அரை மீட்டர் நீளமாப் போயிருந்தா இது எதுவுமே நடந்திருக்காது. அவருடைய பலவீனமும் அந்த முதல் டச்தான். முதுகைக் காட்டி வாங்கும்போது பந்து தெறிக்குது. முகம் கோலைப் பாத்து ஓடும்போது தெறிக்கல.

அன்னைக்கு ரெண்டாவது கோல் பெனால்டி, நம்ம சின்னப் பையன் டௌமன் வாங்கிக் குடுத்தது.

தெக்கா டிஃபெண்டர்
பெனால்டியை எத்தனை நாளைக்கு எண்ணுவீங்க? ஸ்போர்ட்டிங்ல 2024-25ல 52 ஆட்டத்துல 54 கோல்னு எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்றீங்க. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா போட்ட ஹாட்ரிக்ல ரெண்டு பெனால்டி.

எனக்கு நிக்கிற காட்சி லிஸ்பன், 2024 நவம்பர் 26. அவர் ஸ்போர்ட்டிங்ல இருந்தப்போ நாம 5-1 ஜெயிச்ச ஆட்டம். நம்ம டிஃபெண்டர் காப்ரியல் கார்னர்ல தலையால போட்டுட்டு, விரலைக் கோத்து முகத்தை மூடி அவருடைய கொண்டாட்டத்தையே அவர் முன்னாடி செஞ்சார். நம்ம சென்டர் பேக்குங்க சலிபாவும் காப்ரியலும் ரகசியம் ஒண்ணும் பண்ணல. அவர் ஓட ஆரம்பிச்ச பிறகு துரத்தல, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு அடி பின்னால போனாங்க. சந்து இல்லன்னா அவருக்குப் பாதி ஆயுதம் போச்சு. இப்போ யோசிங்க: பிரீமியர் லீக்ல நம்மகிட்ட வர்ற அணியில பாதி, பத்து பேரைக் கோலுக்கு முன்னால பெனால்டி பாக்ஸ் விளிம்புல நிறுத்துது. பின்னால இடமே இல்ல. அந்த ஆட்டத்துக்கு இந்த ஆளா? இன்னொரு ஸ்ட்ரைக்கர் செஸ்கோ 1.95 மீட்டர் உயரம். அவரை யுனைட்டட்டுக்கு விட்டுட்டோம்.

ஈசூன் நடுவர்
@தெக்கா, பெனால்டி கோல் இல்லையா? 1998, தென்கிழக்காசிய டைகர் கப் இறுதி, ஹனோய். நம்ம சிங்கப்பூர் வியட்நாமை 1-0ல ஜெயிச்சுச்சு. ஆர். சசிகுமார் போட்ட கோல் தோள்ல பட்டு உள்ள போச்சு. அவர் டிஃபெண்டர் வேற. கோப்பையைத் திருப்பிக் குடுத்துட்டோமா? அழகுக்கு மார்க் போடுறது ஜிம்னாஸ்டிக்ஸ்ல.

நமக்கு ஏன் ஸ்ட்ரைக்கர் வேணும்னு மறந்துடாதீங்க. போன சீசன், 2024-25, லீக்ல 14 டிரா. 69 கோல்; லிவர்பூல் 86. முன்னால ஆடுற ஜேசுஸுக்கு ஜனவரியில முழங்கால் காயம், ஹாவர்ட்ஸுக்கு பிப்ரவரியில பின்தொடைத் தசைக் காயம், கடைசியில மெரினோவைக் கொண்டுபோய் முன்னால நிறுத்தினோம். மிட்ஃபீல்டர் அவர்!

காட்சி கேட்டீங்கல்ல: அக்டோபர் 22 விடியக்காலை 3 மணி, சாம்பியன்ஸ் லீக்ல அட்லெட்டிகோ மாட்ரிட், 4-0. பல ஆட்டமா கோல் இல்லாம இருந்தவர் மூணு நிமிஷத்துல ரெண்டு. ரெண்டுமே அழுக்குக் கோல். எனக்கு அதுதான் பிடிச்சது. பாக்ஸ்ல பந்து தடுமாறும்போது அங்க ஒரு உடம்பு இருக்கணும்லா, போன சீசன் அந்த உடம்பு இல்ல.

பீஷான் 14
14ஆம் எண் பேச்சு வந்ததால சொல்றேன். ஜூலை 26 அவர் வர்ற அறிவிப்பு, 27 இங்க காலாங் மைதானத்துல நியூகாசல் ஆட்டம், 3-2. அவர் ஆடவே இல்ல, ஆனா முன் வரிசையில ஒரு ரசிகர் சட்டை முதுகுல அவர் பேரும் 14ம் அடிச்சாச்சு. Gyökeres-ல வர்ற ‘ஓ’ எழுத்து மேல ரெண்டு புள்ளி இல்ல! இன்னும் அதேதான் கண்ணுக்குள்ள.

சட்டை அடிக்கப் போறவங்க கவனிங்க. லீக் ஆட்டத்து எழுத்துரு வேற, அது எல்லா கிளப்புக்கும் ஒண்ணு. சாம்பியன்ஸ் லீக்குக்கும் உள்ளூர்க் கோப்பைக்கும் கிளப்போட சொந்த எழுத்துரு. ரெண்டையும் கலந்து அடிச்சா, அதாவது லீக் எண்ணோட கோப்பை எழுத்து, பாத்த உடனே தெரிஞ்சிடும். ரெண்டு புள்ளியைத் தனித் துண்டா வெட்டி ஒட்டுற கடைல அடிக்காதீங்க. அந்தச் சின்னத் துண்டுதான் முதல்ல உரியும். எழுத்தும் புள்ளியும் ஒரே தாள்ல வந்து, ஒரே அழுத்தத்துல ஒட்டணும். ஒட்டின உடனே துவைக்காதீங்க, ரெண்டு நாளாவது விடுங்க. அப்புறம் உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணி, கொஞ்சம் சோப்பு. துணி மென்மையாக்குற திரவம் வேண்டாம், அது பசையைத் தின்னும். டிரையர்ல போடவே போடாதீங்க. வேர்வையோட பைக்குள்ள சுருட்டி வெச்சா நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஓரம் தூக்கிடும். ஜன்னலுக்கு வெளியே கம்புல மாட்டி உச்சி வெயில்ல காயப்போடுறீங்களே, அதுவும் கூடாது. வெடிப்பு விழுறது அங்கதான். நிழல்ல, திருப்பின வாக்குலயே, தோள்ல தொங்காம நடுவுல மடிச்சுப் போடுங்க. இஸ்திரி எழுத்து மேல படக்கூடாது.

தெக்கா டிஃபெண்டர்
ஸ்ட்ரைக்கரைப் பத்திப் பேசினா சோப்பு விக்கிறார்.

தோ பாயோ செட் பீஸ்
தெக்கா அண்ணே சொன்ன ‘பத்து பேர் விளிம்புல’ பிரச்சினைக்கு விடை நவம்பர் 1ல கிடைச்சது. பர்ன்லி, 14வது நிமிஷம். டெக்லன் ரைஸ் அடிச்ச கார்னர், காப்ரியல் தலையால குறுக்கே திருப்பினார், கியோகெரெஸ் கிட்டத்துலருந்து தலை. பாக்க சுலபம். சுலபம் இல்ல.

கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சியாளர் ஜோவர் வந்ததுலருந்து நம்ம கார்னர் எப்படி? கூட்டம் தூரக் கம்பத்துக்கு அப்பால நிக்கும், உதைக்கும்போது மொத்தமா கோலை ஒட்டின ஆறு கெஜப் பெட்டிக்குள்ள பாயும். எதிரணி காப்ரியலுக்கு ரெண்டு ஆள் வைக்கும். அந்த ரெண்டாவது ஆள் எங்கிருந்து வர்றான்? நடுவுல நிக்கிறவனை விட்டுட்டு வர்றான். அந்த நடுவுலதான் கியோகெரெஸ். கார்னர்லருந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆனா காப்ரியல் தலையில பட்ட நொடியிலருந்து உண்டு. அதனால ஸ்ட்ரைக்கர் பந்துக்கு முன்னால ஓடிடக் கூடாது. ஒரு அடி பின்னால இருந்து, பந்து திரும்பின பிறகு உள்ள விழணும். நின்ன இடத்துல குதிக்கிறவனை டிஃபெண்டர் தள்ளிடுவான்; ரெண்டு அடி ஓடி வர்றவனைத் தள்ளினா பெனால்டி. இதுக்கு 1.95 மீட்டர் வேண்டாம், நேரம் வேணும்.

இடைவேளையோட தசைப் பிடிப்புன்னு வெளிய வந்துட்டார், அதுதான் கவலை.

காலாங் அலை
கார்னர் சரி. அட்லெட்டிகோவும் சரி. நான் கேட்டது ஓடுற ஆட்டத்துல அந்தச் சந்துக்குப் பந்து யார் குடுக்கிறது, எத்தனாவது டச்சுலன்னு. தம்பி சொன்ன லீட்ஸ் கோலைக் குடுத்தது கலாஃபியோரி, அதாவது லெஃப்ட் பேக். மிட்ஃபீல்டுல இருந்து ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாப்போம்.

தெம்பனிஸ் தம்பி
எஸே. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டம், ரெண்டாவது பாதி தொடங்கின உடனே, இடப்பக்கம் இறங்கி குறுக்கே குடுத்தார், 14 தட்டி விட்டார்.

காலாங் அலை
ஒண்ணு. இன்னொண்ணு சொல்லுங்க.