டிராக்டர் வாளிக்கு எந்த இணைப்பை முதலில் வாங்கலாம்?

வணக்கம். நிபோங் திபாலில் உள்ள எங்கள் சிறிய செம்பனைத் தோட்டத்தில் ஓடும் 45 குதிரைத்திறன் டிராக்டரின் முன்வாளிக்குச் சில இணைப்புகளை வாங்க எண்ணியுள்ளேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சங்கிலி மாட்டும் கொக்கிகளை எப்படியும் பற்றவைக்கப் போகிறேன். நடுவில் ஒன்றை மட்டும் வைத்தால் பாரம் ஏறும்போது வாளியின் மேல்விளிம்பு வளைந்துவிடக்கூடும் என்பதால், அடியில் தடித்த தகடு கொடுத்து, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்றாக வைப்பதே சரியெனத் தோன்றுகிறது.

குழப்பம் மற்ற இரண்டில்தான். 50 கிலோ உர மூட்டைகளை அடுக்கிய பலகையோடு தூக்குவதற்கு, வாளியின் உதட்டில் திருகி இறுக்கும் முள்கரங்கள் வசதியானவை. ஆனால் பாரம் முன்னே தள்ளிப்போவதால் தூக்கும் திறன் குறைவதோடு, பின்னால் போதிய எடை கட்டாவிட்டால் பின்சக்கரங்களும் எழும்பிவிடும். (எங்கள் பாதையோ சரிவு!) களிமண் மேட்டை வெட்டியெடுக்கப் பற்கள் கொண்ட சட்டம் தேவைப்படுகிறது, போன வாரம் வெறும் வாளி மண்ணில் இறங்காமல் வழுக்கிக்கொண்டே போனது.

பக்கத்துக்கு ஒரு போல்ட்டில் நிற்கும் சட்டம் கடினமான மண்ணுக்குத் தாங்குமா? தரையைச் சமன்செய்யும்போது அதைக் கழற்றி மாட்டுவது ஒருவரால் ஆகிற வேலையா?