சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக முடியுமா?

கட்டிங்மாஸ்டர்43:
திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். குடியை விட்டு 26 நாள் ஆகிறது. இதற்கு முன்பு ஒருமுறை வீட்டிலேயே நிறுத்திப் பார்த்தேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்து பாத்ரூமில் விழுந்ததில் முன்பல் போனது. இந்த முறை ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் விட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "மருந்து பாதிதான், ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்க" என்றார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பாம். எங்கே, எப்போது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சனிக்கிழமைதான் கண்டம். ஆறரைக்குச் சம்பளக் கவர் கைக்கு வரும். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு டாஸ்மாக். போன சனிக்கிழமை, ஒன்பதாவது படிக்கும் மகளைப் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லி அவளோடு நடந்து வந்தேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கூட்டம் சர்ச்சில் நடக்கும் என்கிறார்கள். மதம் மாறச் சொல்வார்களா? காசு எவ்வளவு? எழுந்து நின்று பேசியே ஆக வேண்டுமா? கம்பெனி ஆள் யாராவது இருந்தால்?

இன்றுஒருநாள்:
தம்பி, எனக்குக் கோவை. நிறுத்திப் பதினோரு வருஷம்.

ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கும். நேரமும் இடமும் மாறுவதுண்டு, அதனால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். பல ஊரில் கூட்டம் சாயங்காலம்தான், ஏழு மணி வாக்கில். தாமதமானாலும் உள்ளே போய் உட்காருங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள்.

சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் நடப்பது இடம் கிடைப்பதால்தான். நான் முதலில் போனது ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறை. குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தேன், போர்டில் ஏழாம் வாய்ப்பாடு. "நமக்கு மேலான சக்தி" என்று ஒரு பேச்சு வரும். எங்கள் குழுவில் ஒருவருக்கு அது பழனி முருகன், இன்னொருவருக்கு அந்தக் கூட்டமேதான். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு டப்பா வரும், டீச் செலவுக்கு இஷ்டப்பட்டவர்கள் போடுவார்கள்.

பேசப் பிடிக்காவிட்டால் "இன்னிக்குக் கேட்டுக்கறேன்" என்றால் போதும். 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சர்ஜனும், இருவருமே குடிநோயாளிகள், உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது இது. இன்றைக்கும் முறை அதேதான், குடித்தவன் குடித்தவனிடம் பேசுவது.

தெரிந்த ஆள் இருந்தால் என்கிறீர்கள். எனக்கு இருந்தார், என் பையனின் பி.டி. வாத்தியார். பத்து நிமிஷம் இருவரும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர்தான் டீ எடுத்து வந்து கொடுத்தார்.

நிதானம்:
எல்லோருக்கும் ஏ.ஏ. ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். நான் நாலு கூட்டம் போனேன், பிரார்த்தனை எனக்கு ஒட்டவில்லை. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் மாத்திரையும் கவுன்சிலிங்கும்தான் என்னைக் காப்பாற்றின. நீங்கள் போய்ப் பாருங்கள், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் யாராவது நிறுத்தச் சொன்னாலும் டாக்டரைக் கேளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வேண்டாம். இவருக்கு வந்த வலிப்பு உயிரையே எடுக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை.

வாசுகிஅக்கா:
நான் குடிக்கிறவள் இல்லை, குடித்தவரின் மனைவி. எங்களைப் போன்றவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது, உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். அவர் வந்தால்தான் நீங்கள் வரலாம் என்றெல்லாம் இல்லை, அவரவருக்கு அவரவர் கூட்டம். ஏ.ஏ.விலும் 'ஓப்பன் மீட்டிங்' என்று போட்டிருந்தால் குடும்பத்தாரும் உட்காரலாம்.

இன்னொன்று, தம்பி. உங்கள் மகளுக்கு எல்லாம் தெரியும். நான் என் பையனுக்குத் தெரியாது என்று ஆறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று அவன் சொல்லிவிடுவான்.

கட்டிங்மாஸ்டர்43:
போய் வந்தேன். 34-ஆம் நாள்.

ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. வாசலில் செருப்பை எண்ணினேன், பதினோரு ஜோடி. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது உள்ளேயிருந்து ஒரு பெரியவர் "வாங்க, ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கு" என்றார். பேசுவதாகவே இல்லை. ஆனால் என்ன வேலை என்று கேட்டதும் கட்டிங் மாஸ்டர் என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடி அமைதி, அப்புறம் மொத்த அறையும் சிரித்தது. குவார்ட்டரை இரண்டு டம்ளரில் சொட்டுப் பிசகாமல் பிரிப்பதில் நான் நிஜமாகவே மாஸ்டர்தான் என்றேன். அங்கே ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டேன்.

சம்பளக் கவரின் பின்பக்கம் மூன்று பேர் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். கவரைப் பிரிக்காமலே வீட்டில் கொடுத்தேன்.

வாசுகிஅக்கா சொன்ன மாதிரி மகளிடம் சொன்னேன். "அப்போ இனிமே சனிக்கிழமை நான் பஸ் ஸ்டாப்புக்கு வர வேண்டாமா?" என்று கேட்டாள். கூட்டம் முடியும் நேரத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.