கரிசல் மண்ணில் வாசனை ரோஜா: கொழுந்து மஞ்சளாகிறது, மணமும் இல்லை

கரிசல்காட்டு மருமகள் (கோவில்பட்டி)

உதகை விஜயநகரம் ரோஜாப் பூங்காவில் கருஞ்சிவப்புப் பூ ஒன்றை முகர்ந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பெயர்ப்பலகையில் பாப்பா மெய்லாண்ட் என்று இருந்தது. அதே பெயரைச் சொல்லி ஒரு நாற்றுப் பண்ணையில் ஒட்டுச்செடி வாங்கி வந்து வைத்தேன். எங்களுடையது கரிசல் மண், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். செடி சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. கொழுந்து இலைகள் வெளுத்த மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. பூ சிறுத்து, இதழோரம் தீய்ந்து கறுக்கிறது. மணம் மருந்துக்கும் கிடையாது. தொழுவுரம், டி.ஏ.பி., மீன் அமிலம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. "புள்ளைத்தாச்சிக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது" என்கிறார் மாமியார். இன்னும் என்ன உரம் வைக்கலாம்?

பழைய நாற்றங்கால் (பல்லடம்)

அம்மா, முதலில் உரத்தை நிறுத்துங்கள். குறிப்பாக டி.ஏ.பி.யை.

அடி இலை பச்சையாக இருந்து கொழுந்து மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. உங்கள் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. கரிசலுக்குக் கீழே சுக்கான் கல் கிடக்கும் ஊர் உங்களுடையது. அந்தச் சுண்ணாம்பு இரும்பை வேருக்குக் கிடைக்கவிடாமல் பூட்டி வைக்கிறது, டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து அதிகமானால் பூட்டு இன்னும் இறுகும். சந்தேகமிருந்தால் காய்ந்த மண் ஒரு பிடியில் வினிகர் ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சுண்ணாம்பு இருந்தால் சுர்ரென்று நுரைக்கும்.

இரும்புச்சத்து வாங்கும்போது கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். இ.டி.டி.ஏ. என்று அச்சிட்ட சீலேட் இரும்பை (மண் பூட்டிவிடாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) இலையில் தெளிக்கலாம். உங்களுடையதைப் போன்ற சுண்ணாம்பேறிய கார மண்ணில் ஊற்றினால் இரும்பைக் கைவிட்டுவிடும். மண்ணில் ஊற்ற வேண்டியது இ.டி.டி.எச்.ஏ. நடுவில் 'எச்' இருக்கிறதா என்று பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். விலை கூடுதல்தான், கரைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாகும். சாயங்காலம் வேரடியில் ஊற்றி மண்ணால் மூடிவிடுங்கள், வெயில் பட்டால் வீண்.

இன்னொன்று. ஒட்டுக்குக் கீழிருந்து துளிர் ஏதும் கிளம்பியிருக்கிறதா? இருந்தால் அதன் இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். இருபுறமும் சீப்புப் பல் போலக் கிழிந்த சிறு செதில் தெரிந்தால், ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடி மல்டிபுளோரா என்ற காட்டு ரோஜா. அது அமில மண்ணின் பிள்ளை, சுண்ணாம்பு மண்ணில் இப்படித்தான் திணறும். விற்பவர்கள் மேலே பூக்கும் ரகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். கீழே இருக்கும் வேர் எது என்று யாரும் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை.

மணத்துக்கு வருகிறேன். அது முதலில் ரகத்தின் குணம். எருவைக் கொட்டி மணமில்லாத ரோஜாவை மணக்க வைக்க முடியாது. 2015இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ரோஜா மணத்துக்குக் காரணமான ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். மணமுள்ள பாப்பா மெய்லாண்டையும் மணமில்லாத ரூஜ் மெய்லாண்டையும் ஒப்பிட்டே அதைப் பிடித்தார்கள். ஆகவே உங்கள் ரகம் நல்ல ரகம்தான், சொன்ன பெயரில் சொன்ன செடியைத்தான் கொடுத்திருந்தால். ஆனால் கோடை வெயிலில் மணம் தரும் எண்ணெய் பொழுது ஏறுவதற்குள் ஆவியாகிவிடும், கருஞ்சிவப்பு இதழும் தீய்ந்துபோகும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் அத்தர் காய்ச்சுவோருக்கும் பல்கேரியாவின் கசன்லக்கில் ரோஜா எண்ணெய் எடுப்போருக்கும் விடியற்காலையில் பறித்தால்தான் கணக்கு கட்டும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டுமே! மார்கழிக் காலையில் முகர்ந்து பார்த்துவிட்டு அந்தச் செடியைத் திட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கோத்தகிரி மேகம்

எங்கள் பாடு நேர் எதிர். அமில மண். தேயிலைத் தோட்டக்காரர்கள் போடும் டாலமைட் சுண்ணாம்பை நாங்கள் ரோஜாவுக்கும் போடுகிறோம். மணம் அள்ளும், சந்தேகமில்லை. ஆனால் ஆடி மழையில் மொட்டு விரியாமல் வெளியிதழ் பழுப்பாகி ஒட்டிக்கொண்டு அப்படியே அழுகும். இலை முழுக்கக் கரும்புள்ளி நோய். பூங்காவில் பார்த்த பூவுக்குப் பின்னால் எத்தனை மருந்து தெளிப்பு இருக்கிறதென்று பலகையில் எழுதி வைப்பதில்லை.

கொடைக்கானலில் வீரு, கிரிஜா வீரராகவன் தம்பதி நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைச் சேர்த்து வெப்ப நாடுகளுக்கென்றே ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் ஒன்று உண்டு. கிடைத்தால் முயலுங்கள்.

வேலணைக் கிணறு (யாழ்ப்பாணம்)

தங்கச்சி, தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் வளவில் செம்மண், அடியில் சுண்ணக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் ஒவ்வொரு நாளும் ரோஜாவின் வேரிலும் படிகிறது. மாரி மழையைக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து ரோஜாவுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டில் சண்டைதான், ஆனால் கொழுந்து பச்சையாக வருகிறது.

கரிசல்காட்டு மருமகள்

வினிகர் ஊற்றியதும் நுரைத்துத் தள்ளியது. கீழ்த்துளிரில் சீப்புப் பல்லும் இருக்கிறது. இந்தச் செடியைத் தொட்டிக்கு மாற்றிவிட்டு, நிலத்தில் பன்னீர் ரோஜா வைக்கலாமா ஐயா?

பழைய நாற்றங்கால்

தாராளமாக. நிலக்கோட்டைப் பக்கம் காடு காடாக அதுதான். ஒட்டு வேண்டாம், பென்சில் கனத்தில் முற்றிய குச்சி போதும், சொந்த வேரில் வளரட்டும். ஐப்பசி மழை பிடித்ததும் நிழலில் பதியன் போடுங்கள். நிலத்துக்கு மாற்றும்போது ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டாயம். கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுத் திணறிவிடும். தொட்டிச் செடிக்கு மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லிப் பசை தடவுங்கள். அந்தக் கீழ்த்துளிரைக் கத்தரிக்காதீர்கள், அடியோடு பிய்த்தெடுங்கள்.